முகம் கொடுத்தல்

மகன் றொஹானின் நிச்சயதார்த்தத்துக்கு, மருமகளாக வரப்போகிற லவினாவுக்கு ஒரு சாறி எடுக்கத்தான் மேபல் வெள்ளவத்தைக்குப் போனாள். கொழும்பு வடக்கில் தான் இருக்கிற கொட்டாஞ்சேனையிலும் சாறி வாங்கலாம். ஆனால் லவினா வீட்டார் கொஞ்சம் வசதியான கிருலப்பனைக்காரர்கள். காலி வீதிப் பெரிய கடையின் பையோடு போய் அவர்கள் வாசலில் இறங்கினால் அதற்கொரு மதிப்பு இருக்கும் என்று மேபல் நினைத்தாள்.

சனிக்கிழமை. மேபல் சமைத்து விற்கிற சோற்றுப் பார்சல் அன்றைக்கு ஹாபரில், துறைமுகத்தில், வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். விடியவே எழும்பிச் சோறு வடித்து, பருப்பை இறக்கி, கங்குன் கீரையை அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்து மல்லுங் செய்து, பாரை மீனைப் புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு மண்சட்டியில் வற்றவைத்து, லன்ச் ஷீட்டில் பொதிகளாகச் சுற்றிக் கணவன் ஹெக்டரின் கையில் கொடுத்தாள். ஹெக்டர் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சீனி வியாதி வந்து காலில் ஒரு விரல் போய்விட்டது. ஓட்டோவில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு ஹாபர் வாசலுக்குப் போய் வருவதுதான் இப்போது அவருடைய உத்தியோகம். அவரை அனுப்பிவிட்டு, மீன் வாசம் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்து, நல்ல கவுனொன்றை உடுத்திக்கொண்டு மேபல் பஸ் ஏறினாள்.

கடைக்குள் நுழைந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. வெளியில் ஐப்பசி மாதத்துப் புழுக்கம். மழை வருவதா விடுவதா என்று நின்றது. தீபாவளிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் பெண்கள் கூட்டம். மேபல் மயில்பச்சையில் ஒரு சாறியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதை எடுத்துக் காட்டிய கடைப் பிள்ளை தன் போனைப் பார்த்தாள். பார்த்தவள் சாறியை மெல்ல இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"ஏன் மகள், நான் இன்னும் முடிவு செய்யேல்லயே?"

பிள்ளை மடித்த சாறியைத் தட்டில் வைத்தாள். காவலாளி ஹியூபேட் பக்கத்தில் வந்து நின்றான். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஆள், நரைத்த மீசை. "நோனா, பொட்டக் மெஹாட்ட என்ன" என்று கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்லிக் காசாளர் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மெனேஜர் தனுஷன் நின்றான். யாழ்ப்பாணத்துப் பெடியன், இருபத்தெட்டு வயது மதிக்கலாம்.

"அம்மா, உங்கட பையை ஒருக்காத் திறவுங்கோ."

"எதுக்கு?"

"நீங்கள் முந்தியும் இஞ்ச வந்திருக்கிறியள். எங்களுக்குக் கமரா மெசினில இருந்து அலேட் வந்திருக்கு."

"நான் இந்தக் கடைக்கு இண்டைக்குத்தான் முதல்முதலா வாறன் மகன்."

அவன் தன் போனைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே காட்டினான். வாசிக்கும் கண்ணாடி அவளிடம் இல்லை. சிவப்புச் சதுரம் ஒன்றும் அதற்குள் தன்னைப் போல ஒரு முகமும் மட்டும்தான் தெரிந்தது. "மெசின் பொய் சொல்லாது அம்மா" என்றான் அவன்.

பையை அவனே திறந்து மேசையில் கவிழ்த்தான். செபமாலை, குடை, வியர்வை துடைக்கிற துவாய், ஹெக்டருக்கு வாங்கிய மாத்திரை, பசித்தால் தின்ன எடுத்துக்கொண்ட பணிஸ் ஒன்று. கடையிலிருந்த அத்தனை பெண்களும் அந்தப் பணிஸைப் பார்த்தார்கள். திருடிய சாமான் எதுவும் இல்லாததால் அவளைப் போகச் சொன்னார்கள். போகுமுன் சுவரோடு நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். "இனி இஞ்சால வரவேண்டாம்" என்றான் தனுஷன்.

அத்தோடு முடிந்திருந்தால் மேபல் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பாள். திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டு டில்ஷானி பின்கதவால் வந்து போனை நீட்டினாள். சுவரோடு நிற்கிற மேபல். கீழே எழுதியிருந்தது: "இந்தப் பெண்ணைக் கவனிக்கவும். கடைகளில் திருடுபவர்." கடைக்காரர்களின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டதை எவனோ பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். அங்கிருந்து கொட்டாஞ்சேனை முழுக்கப் பரவிவிட்டது.

"நான் நம்பேல்ல அக்கா. அதுதான் உங்களிட்டயே கொண்டு வந்தன்" என்றாள் டில்ஷானி. நம்பாதவள் ஏன் பின்கதவால் வந்தாள் என்று மேபல் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே பார்சல் குறைந்தது. சுங்கப் பக்கத்து அலுவலகம் ஒன்று வேறிடத்தில் சொல்லிவிட்டதாக அறிவித்தது. மாதா கோவில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்து வாங்குப் பெண் கைகூப்பாமல் திரும்பிக்கொண்டாள். ஹாபர் வாசலில் ஒருத்தன் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஹெக்டர் அண்ணே, மீன் துண்டு சின்னனா இருக்கு. மேபல் அக்கா எடுத்திட்டாவோ?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஹெக்டர் அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

மேபல் அடுப்பைத் தணித்தாள். "சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"விளையாட்டுக்குச் சொன்னது மேபல்."

"யார் யார் சிரிச்சாங்க?"

அன்றிலிருந்துதான் அவளுக்கு அழுகை நின்றது. பிறகு லவினாவின் தாய் போன் எடுத்து, நிச்சயதார்த்தத் திகதியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோமா என்று மிக இனிமையாகக் கேட்டபோதும் மேபல் அழவில்லை. "தள்ளுங்க, எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட இருந்தார்கள். றொஹானுக்கு மருதானையில் வேலை. அலவி என்பவருடைய கொம்பனியில், கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கமரா பூட்டுகிறவன். அந்த வருடம்தான் தாய்க்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். எண் அடிக்கத் தேவையில்லை. முகத்துக்கு நேரே பிடித்தால் திறந்துவிடும். கை முழுக்க மஞ்சளும் மாவுமாக நிற்கிற மேபலுக்கு அது பெரிய வசதி.

அன்றைக்கு அவள் அந்தப் போனை அவன் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதில முகம் பாக்கிறதை நிப்பாட்டு. பழையபடி நம்பர் போட்டுத் தா."

"மம்மி, அது வேற, இது வேற."

"என்ன வேற? இதுவும் என்ட முகத்தைத்தானே பாக்குது."

"இது உங்கட போன். உங்கட முகம் இதுக்குள்ளயே இருக்கும், வெளிய போகாது. கடையில இருக்கிறது கமரா. வாறவங்களைப் பாத்து, வெச்சிருக்கிற படங்களோட பொருத்திப் பாக்கும்."

"ஆர்ட படங்களோட?"

"முந்திக் களவெடுத்தவங்கட."

"அப்ப என்னைப் போல ஒரு கள்ளி இருக்கிறாள்."

றொஹான் சோற்றைப் பிசைந்தான். "இருக்கலாம். மெசின் நூத்துக்கு நூறு சரி சொல்லாது. மம்மி, ஏயார்போட்டில பாக்குது, பேங்கில பாக்குது, நாளைக்கு பஸ்ஸிலயும் பாக்கும். உலகம் முழுக்க இப்பிடித்தான் போகுது. நாங்க மட்டும் முகத்தை எங்க கொண்டுபோய் ஒளிக்கிற?"

"நான் ஒளிக்கச் சொல்லேல்ல. போனுக்கு நான்தான் முகத்தைக் காட்டினன். எனக்கு விருப்பம், காட்டினன். அந்தக் கடைக்காரனுக்கு நான் எப்பக் காட்டினன்?"

"ரோட்டில போற எல்லாரும் உங்களைப் பாக்கிறாங்கதானே?"

"பாக்கிறவன் மறந்திடுவான்" என்றாள் மேபல். "இது மறக்காதாமே."

ஹெக்டர் தொண்டையைச் செருமினார். "கள்ளர் கூடின காலம் மேபல். அந்த மனுசனும் யாவாரம் செய்யோணும். எங்கட ஒழுங்கையில கமரா பூட்டின பிறகுதானே பைசிக்கிள் களவு நிண்டது?"

"அப்ப உங்கட படத்தைக் குடுங்க, போடட்டும்."

ஹெக்டர் பப்படத்தை நொறுக்கினார். மேபல் மகனைப் பார்த்தாள். "அந்தக் கடைக்கும் உங்கட கொம்பனியா பூட்டினது?"

"கொம்பனி எங்கடதான். அது வேற டீம்." மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னான்: "விடுங்க மம்மி. ஒரு மாசத்தில ஆக்கள் வேறொண்டைக் கதைப்பாங்க. நீங்க இதைக் கிளறக் கிளறத்தான் கூட நாறும்."

மேபல் விடவில்லை. பொலிஸுக்குப் போவோமா என்று ஹெக்டர் கேட்டதற்கு, "அவங்க எழுதி எடுப்பாங்க. எனக்கு எழுத்து வேணாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் பார்சல் வேலை முடிந்ததும் அதே நல்ல கவுனை உடுத்திக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள்.

கடைவாசலில் ஏறி, மேலே கமரா இருக்கிற இடத்தைப் பார்த்து முகத்தை நன்றாக நிமிர்த்தினாள். காசாளர் மேசையில் மணி அடித்தது. விற்கிற பிள்ளைகளின் போன்கள் ஒவ்வொன்றாக முனகின. ஹியூபேட் ஓடி வந்தான். மேபல் கடையின் நடுவில், கூட்டம் கூடுதலாக நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"இந்தச் சத்தம் எனக்குத்தான்" என்று உரக்கச் சொன்னாள். "கொட்டாஞ்சேனை மேபல். சோத்துப் பார்சல் விக்கிறவள். என்னைக் கள்ளியெண்டு இந்த மெசின் சொல்லுது. நான் எதைக் களவெடுத்தன் எண்டு இவங்களைக் கேளுங்க." தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சொன்னாள். விளங்காதவர்கள் இருந்தாலும் என்று, தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னாள்.

தனுஷன் வந்து கையைப் பிடிக்கப் பார்த்தான். "தொடு பாப்பம்" என்றாள். அவன் தொடவில்லை. எல்லாப் பெண்களும் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மணி அடித்ததும் நடுவில் நின்று சொல்லுவாள். சொல்லி முடித்ததும் போய்விடுவாள். சில பெண்கள் சாறியை வைத்துவிட்டு அவளோடேயே வெளியில் வந்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். "என்ட கைப்பையை இந்தக் கடையில வெச்சுத்தான் அடிச்சவங்கள். கமரா இருக்கத்தான் வேணும்" என்றாள் ஒருத்தி. மாளிகாவத்தையிலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வந்திருந்த ஒரு முஸ்லிம் பெண் அவளுக்குப் பதில் சொன்னாள்: "முகத்த மூடிட்டு வந்தா மூடாதீங்க எண்டு சொன்னாங்க. இப்ப தொறந்து வெச்சா கள்ளி எண்டு சொல்றாங்க. எங்கதான் கொண்டு வெக்கிற?" அன்றைக்கு மேபலுக்குப் பேசுகிற வேலையே இருக்கவில்லை. ஹியூபேட் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "மம மொனவத அம்மே கரன்னே" என்று, தன்னால் என்ன செய்யமுடியும் என்ற பாவனையில் கையை விரித்தான்.

அடுத்த கிழமை முதலாளியே இறங்கி வந்தார். சண்முகலிங்கம், வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக நிதானமான மனிதர். மேல்மாடியிலிருந்த தன் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி, தேநீர் வரவழைத்தார்.

"அம்மா, பிழை நடந்துபோச்சு. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. தீபாவளி யாவாரம். நீங்கள் தினமும் வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது? உங்களுக்குப் பிடிச்ச சாறியை எடுத்துக்கொண்டு போங்கோ."

"எனக்குச் சாறி வேணாம்."

"அப்ப மன்னிப்புக் கேக்கிறன்."

"இந்த அறைக்குள்ளயா?" என்று கேட்டாள் மேபல். "என்ட பையைக் கீழ வெச்சுத்தானே கொட்டினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் என்ட பக்கத்தையும் யோசிக்கோணும். குடும்பமாய் வந்து, ஒருத்தி கதைக்கேக்க மற்றவள் பாவாடைக்குள்ள சாறியைச் செருகிக்கொண்டு போறாள். எத்தினை பேரைக் காவலுக்கு வைக்கிறது? மெசின் பாகுபாடு பாக்காது, ஏழை பணக்காரன் பாக்காது எண்டுதான் சொல்லி வித்தவங்கள். சரி, உங்கட படத்தை இண்டைக்கே அழிக்கச் சொல்லுறன்."

"அழிக்க வேணாம்."

சண்முகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அது இருந்தாத்தான் நான் வாறது உங்களுக்குக் கேக்கும்" என்றாள் மேபல். "எனக்கு ஒண்டுதான் வேணும். ஆரோ ஒருத்தன் இதில பிழை விட்டிருக்கிறான். படத்தைப் பாக்காமப் போட்டவனோ, மெசினைச் சரியாப் பூட்டாதவனோ, எனக்குத் தெரியாது. அவனைப் பிடிங்க. அவன்ட படத்தை, என்ட படத்தைப் போட்ட அதே குரூப்பில போடுங்க. என்னை எத்தினை பேர் பாத்தாங்களோ, அத்தினை பேரும் அவனைப் பாக்கோணும்."

"அது நல்லாயிருக்காது அம்மா."

"என்டது நல்லாயிருந்ததா?"

கீழே மணி ஒன்று அடித்து ஓய்ந்தது, வேறு யாரோ. சண்முகலிங்கம் தேநீரைத் தள்ளி வைத்தார். யாரோ முகமறியாத ஒரு தொழிலாளியை அவர் மனதில் நினைத்திருக்க வேண்டும். கடைசியில், "சரி. ஆரெண்டு தெரிஞ்சால் போடுறன். நல்லூரான் மேல சத்தியம். இனி வந்து நிக்கமாட்டியள்தானே?" என்றார்.

"போட்ட பிறகு வரமாட்டன்."

கீழே இறங்கி வந்தபோது தனுஷன் படிக்கட்டடியில் நின்றான். பெடியன் மெலிந்து போயிருந்தான். இவள் வந்துபோகிற வீடியோவில் தானும் விழுந்து, ஊரிலிருந்து தாய் போன் எடுத்து ஏசியதாக ஹியூபேட் சொல்லியிருந்தான். மேபல் அவனிடம் நின்றாள்.

"அந்தக் கள்ளியை எனக்குக் காட்டு."

"எந்தக் கள்ளி?"

"என்னைப் போல இருக்கிறவள். அண்டைக்கு நீ எனக்குக் காட்டினாயே. இண்டைக்குக் கண்ணாடி கொண்டு வந்திருக்கிறன்."

தனுஷன் போனில் பின்னோக்கித் தேடினான். அந்தச் சனிக்கிழமை வந்த அலேட்டை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். "இடது பக்கம் இருக்கிறது கமரா எடுத்த நீங்கள். வலது பக்கம் இருக்கிறதுதான் முந்தியே மெசினில கிடந்த படம்" என்று சொல்லிக் கொடுத்தான்.

மேபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வலது பக்கத்துப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கவுன், தோளில் துவாய், கையில் அகப்பை. பின்னால் நீல ஓடு பதித்த சுவர், அதில் எண்ணெய்ப் புகை படிந்த அந்தோனியார் படம். மேபலின் குசினி. றொஹானின் பிறந்தநாளுக்குப் புரியாணி சமைத்த அன்று, "மம்மி, இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டு அவன் எடுத்த படம்.

"வடிவாத் தெரியுதோ?" என்று தனுஷன் கேட்டான். "அச்சொட்டா உங்களை மாதிரித்தானே? அதுதான் நாங்களும் ஏமாந்தனாங்கள்."

"ஓம்" என்றாள் மேபல். "இதை எனக்கு அனுப்பு."

வெளியில் மழை பிடித்துவிட்டது. கடற்கரைப் பக்கமிருந்து காற்று ஒழுங்கைகளுக்குள்ளால் ஏறி வந்து காலி வீதியில் நின்றவர்களின் குடைகளை மடக்கியது. மேபல் குடையை விரிக்காமல் பஸ் தரிப்பில் நின்றாள். இரண்டு மூன்று பஸ் வந்து போனது. ஏறவில்லை. யாரென்று தெரியாத ஒருத்தனை இத்தனை நாளாக வெறுத்து வைத்திருந்தாள். அந்த வெறுப்பில் ஒரு துளியாவது குறையுமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். குறையவில்லை.

பின்னேரம் றொஹான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது, மேபல் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஹெக்டர் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"றொஹான், வேற டீம் எண்டியே. அந்த டீமில ஆர் ஆர்?"

அவன் பதில் சொல்லுமுன் ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினாள். அவன் பார்த்தான். பார்த்ததும் குசினி வாசற்படியில் அப்படியே குந்திவிட்டான்.

"டெஸ்ட் பண்ணப் போட்டது மம்மி. மெசின் பூட்டின அண்டைக்கு எங்கட முதலாளிக்கு வேலை செய்து காட்டோணும். கமராவுக்கு முன்னால நான் நிக்கிறன், வேற ஒரு முகம் வேணும். போனைத் திறந்தா உங்கட படம்தான் மேல கிடந்தது. அதைப் போட்டிட்டு, போனைக் கமராவுக்குக் காட்டினன். அலாரம் அடிச்சது. எல்லாரும் கை தட்டினாங்க."

"கள்ளர் பெட்டிக்குள்ளதான் போடோணுமா?"

"அதில போட்டாத்தான் அலாரம் அடிக்கும். பிறகு எடுக்க மறந்திட்டன். சத்தியமா மறந்திட்டன். உங்களுக்கு நடந்த உடன நான் உள்ளுக்குப் போய் அழிச்சிட்டன் மம்மி. ஆனா அவங்க அதுக்குள்ள உங்களைப் புதுசா எடுத்துப் போட்டிட்டாங்க."

ரேடியோ நின்றது. ஹெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மறந்தது பிழையில்ல" என்றாள் மேபல். "நான் எத்தினை நாள் உப்புப் போட மறந்திருக்கிறன். ஆனா டில்ஷானி படத்தைக் கொண்டு வந்த அண்டைக்கே உனக்குத் தெரியும். ஹாபரில சிரிச்சது உனக்குத் தெரியும். நான் அந்தக் கடையில போய் நாய் மாதிரிக் குலைச்சது தெரியும். இந்த மேசையில இருந்து, நான் சமைச்சதைத் திண்டுகொண்டு, உலகம் இப்பிடித்தான் போகுது எண்டு எனக்குப் படிப்பிச்சாய்."

"வேலை போயிரும் எண்டு பயந்திட்டன். லவினா வீட்டில தெரிஞ்சா..."

"எழும்பு. அந்தச் சுவரோட நில்லு."

"எதுக்கு?"

"முதலாளி எனக்கு வாக்குக் குடுத்திருக்கிறார்."

அவனுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. "மம்மி, வேணாம். நான் வந்து அந்த ஆளிட்ட நேரில சொல்றன். மன்னிப்புக் கேக்கிறன்."

"மேபல்" என்றார் ஹெக்டர். "பெத்த பிள்ளை."

"ஓம். நான்தான் பெத்தன்" என்றாள் அவரைப் பார்க்காமல். "நீங்க ரேடியோவைப் போடுங்க."

றொஹான் எழும்பி நீல ஓட்டுச் சுவரோடு போய் நின்றான். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. மேபல் போனைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் முகம் பார்ப்பதை நிற்பாட்டிக் கொடுத்திருந்ததால் அது திறக்கவில்லை. நம்பர் போட்டுத் திறந்து, அவனைப் படமெடுத்தாள். நிமிர்ந்து பார்க்கச் சொல்லி இன்னொன்றும் எடுத்தாள்.

அடுத்த நாள் அவள் கடைக்குள் போனபோது மணி அடித்தது; யாரும் ஓடி வரவில்லை. மேல்மாடி அறையில் சண்முகலிங்கம் அவள் அனுப்பிய படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். யாரென்று அவள் சொன்னதும் போனை மேசையில் வைத்துவிட்டார்.

"என்ன அம்மா இது. உங்கட மகன். போகட்டும், விடுங்கோ. நான் அலவியோட கதைச்சு வேற வழியாப் பாக்கிறன்."

"நான் உங்கட கடைக்குள்ள வந்த நேரம், நான் ஆர்ட அம்மா எண்டு கேட்டீங்களா?"

அவர் போனை இன்னும் தள்ளி வைத்தார்.

"சத்தியம் செய்தீங்க" என்றாள் மேபல்.

அவர் போனை எடுத்தார். என்ன எழுத என்று கேட்டார். மேபல் சொல்லச் சொல்ல எழுதினார்: "இவர் பெயர் றொஹான். குற்றம் செய்யாத ஒரு பெண்ணின் முகத்தைக் கள்ளர் முகமென்று மெசினில் போட்டவர். தெரிந்தும் பேசாமல் இருந்தவர். அந்தப் பெண் இவருடைய தாய்."

"தாய் எண்டதையும் போடவோ?"

"போடுங்க. உண்மைதானே."

அனுப்பிவிட்டார். மேபல் கீழே இறங்கும்போது கடையில் அங்கங்கே போன்கள் முனகின. விற்கிற பிள்ளைகள் எடுத்துப் பார்த்தார்கள், பிறகு படியில் இறங்குகிற அவளைப் பார்த்தார்கள். தனுஷன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். ஹியூபேட் கதவைத் திறந்துவிட்டான். அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

மேபலின் படத்தைவிட வேகமாக றொஹானின் படம் ஓடியது. தாயே போடவைத்தது என்பதால் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். சரியான பொம்பிளை என்று சிலர் சொன்னார்கள். இவளெல்லாம் ஒரு தாயா என்று அதைவிடக் கூடுதலானவர்கள் கேட்டார்கள். ஆனால் கள்ளி என்று பிறகு யாரும் சொல்லவில்லை. சுங்கப் பக்கத்து அலுவலகம் திரும்பப் பார்சல் கேட்டது. ஹாபரில் பழைய ஆட்களோடு புதியவர்களும் சேர்ந்தார்கள். அன்றைக்குச் சிரித்தவன் ஓட்டோவரை வந்து பொதியை இரண்டு கையாலும் வாங்கினானாம்.

வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லி அலவி றொஹானை வேலையால் நிற்பாட்டிவிட்டார். லவினாவின் தாய் பிறகு போன் எடுக்கவேயில்லை. லவினா மட்டும் இடைக்கிடை எடுப்பாள்; றொஹான் வெளியில் போய் நின்று கதைப்பான். சாப்பாட்டு நேரம் ஹெக்டர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். பார்சலை ஏற்றுகிற நேரத்தில் எத்தனை என்று கேட்பார், அவ்வளவுதான்.

மேபல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். செய்ததை நினைத்து மனவருத்தம், மனஸ்தாபம், இருக்கிறதா என்று குருவானவர் கேட்டார். "இன்னும் இல்ல ஃபாதர்" என்றாள். அது வரும்வரை செபிக்கச் சொல்லி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். அன்று நல்ல நித்திரை வந்தது.

மார்கழி பிறக்கிற கிழமை, றொஹான் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு வேலை கேட்டுப் போய்விட்டு மத்தியானம் வந்தான். மேசையில் வந்து இருந்தான். அவன் அந்த மேசைக்கு வந்து நெடுநாளாகியிருந்தது. மேபல் கோப்பையைக் கழுவி வைத்துச் சோற்றைப் போட்டாள்.

"மம்மி."

"ம்."

"இண்டைக்கு பஸ்ஸில பக்கத்தில இருந்த பொம்பிளை என்னைப் பாத்தா. பிறகு போனைப் பாத்தா. திரும்ப என்னைப் பாத்தா."

மேபல் அகப்பையைச் சட்டிக்குள் விட்டபடி நின்றாள். "பிறகு?"

"சீட்டுக்குக் கீழ இருந்த பையை எடுத்து மடியில வெச்சா."

"ஓம்" என்றாள் மேபல். "எனக்கும் வெச்சாங்க."

சட்டியின் அடியில் தேடி, நடுத்துண்டு மீன் ஒன்றை எடுத்து அவன் சோற்றின் மேல் வைத்துவிட்டு, முன்னால் இருந்த கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அவனுக்கு நேரே உட்கார்ந்தாள்.